திரை குறைந்த கார்: வாங்கும்போது எதைத் தொட்டுப் பார்ப்பது, இருப்பதை எப்படி எளிமையாக்குவது

கார் ஓடும்போது சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எதையெல்லாம் செய்ய முடிகிறது? எளிமையான கார் தேடுபவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். 8 அங்குலத் திரையோடு எல்லா வேலைக்கும் தனித்தனித் திருகு வைத்த கார் உண்டு. அதே 8 அங்குலத்துக்குள் ஏசி, விளக்கு, பக்கக் கண்ணாடி என்று எல்லாவற்றையும் திணித்த காரும் உண்டு. விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சுவீடனின் 'வி பிலாகாரே' என்ற கார் இதழ் 2022-இல் இதை அளந்து பார்த்தது. புதிய கார்கள் 11, அவற்றோடு 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 ஒன்று. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் நான்கு வேலைகள் செய்ய வேண்டும்: இருக்கைச் சூட்டைப் போட்டு வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டி கண்ணாடி ஆவியை நீக்குவது, ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து நடுத்திரையை அணைப்பது. பழைய வால்வோவில் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசியில் வந்த எம்ஜி மார்வெல் ஆர் 44.9 விநாடி எடுத்தது, 1,372 மீட்டர். பலரும் கவனிக்காத இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. தொடுதிரை உள்ள வால்வோ சி40-யும் சிறிய டாசியா சான்டெரோவும் 14 விநாடிக்குள் முடித்துவிட்டன. ஆக, திரை இருப்பது மட்டுமே குற்றம் இல்லை. எந்த வேலையைத் திரைக்குள் தள்ளினார்கள், எத்தனை மெனு ஆழத்தில் தள்ளினார்கள் என்பதே விஷயம்.

முதலில் ஒரு தாள்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளை நடுவில் மடியுங்கள். ஒரு பக்கம் ஓடும்போது செய்யும் வேலைகள், மறுபக்கம் நிற்கும்போது செய்யும் வேலைகள்.

ஓடும் பக்கத்துக்கு ஒரு தொடக்கம் தயாராகவே இருக்கிறது. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது. இது குறைந்தபட்சம்தான். அன்றாட ஓட்டத்துக்கு இன்னும் நான்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்கண்ணாடி ஆவி நீக்கம், காற்றின் வேகம், வெப்பநிலை, ஒலி அளவு. வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்றும் பட்டனும் இருந்தால் நல்லது. முன்னால் புகை கக்கும் லாரி வரும்போது அதன் அருமை தெரியும்.

இருக்கை அமைப்பு, கடிகாரம், போனை இணைப்பது, டயர் அழுத்த எச்சரிக்கையை மீட்டமைப்பது, உள்விளக்கின் நிறம் எல்லாம் நிற்கும் பக்கம். இவை திரைக்குள் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கையுறைப் பெட்டியைத் திறக்கவே திரையில் மெனு தேட வைத்த கார்களும் உண்டு. அது எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை. எரிச்சலையும் ஆபத்தையும் பிரித்துப் பார்த்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

ஷோரூமில் இருபது நிமிடம்

விற்பனையாளர் திரையின் அழகைக் காட்டத் தொடங்குவார். காட்டி முடிக்கட்டும். அப்புறம் ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து, பெல்ட் போட்டு உட்காருங்கள். முதுகு இருக்கையை விட்டு எழாமல் கை எட்டாத எதுவும் ஓட்டும்போது எட்டாது.

முதல் சோதனையில் விரலை வைக்க வேண்டும், அழுத்தக் கூடாது. டேஷ்போர்டில் பட்டன்போலத் தெரிவதெல்லாம் பட்டன் அல்ல. பளபளக்கும் கறுப்புப் பட்டையில் படத்தை மட்டும் அச்சிட்டு உள்ளே தொடு உணரி வைத்திருப்பார்கள். விரல் நுனியை அதன்மேல் மெல்ல வைத்து இரண்டு விநாடி சும்மா இருங்கள். அதற்கே வேலை செய்துவிட்டால் அது பட்டன் இல்லை, திரையின் தம்பி. உண்மையான பட்டனில் விரல் இளைப்பாறலாம். தடவித் தேடலாம், விளிம்பை உணர்ந்து சரியானதுதானா என்று நிச்சயித்து, அப்புறம் அழுத்தலாம். தொடு பட்டையில் தேடுவதே அழுத்துவதாகிவிடும். ஸ்டீயரிங்கில் இந்த வகை இருந்தால், வண்டி நிற்கும்போதே முழு வளைவு திருப்பிப் பாருங்கள். உள்ளங்கை உரசியதில் பாட்டுச் சத்தம் தானாகக் கூடினால் அந்தக் காரோடு தினமும் மல்லுக்கட்டுவீர்கள். ஃபோக்ஸ்வாகன் இந்தப் புகாரைப் பல ஆண்டு கேட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் மறுபடி அழுத்தும் பட்டனுக்கே திரும்பியது. ஒலி, இரு பக்க வெப்பம், காற்றின் வேகம், ஹசார்ட் ஆகியவற்றுக்கு இனி வரும் எல்லாக் கார்களிலும் தனிப் பட்டன் இருக்கும் என்று அதன் வடிவமைப்புத் தலைவர் 2025-இல் சொன்னார்.

அடுத்து திருகு. இதில் இரண்டு வகை. ஒன்றுக்கு ஓரிடத்தில் முட்டி நிற்கும் எல்லை உண்டு. இடக்கோடியில் குளிர், வலக்கோடியில் சூடு, நடுவில் நடுத்தரம். அதைப் பார்க்கவே வேண்டாம், கையே சொல்லிவிடும். மற்றது முடிவே இல்லாமல் சுற்றும். எண் திரையில்தான் தெரியும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு படிக்கும் 'டிக்' என்று ஒரு தட்டல் விரலில் தெரிகிறதா, ஒரு தட்டலுக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். தட்டலுக்கு அரை டிகிரி என்றால், இரண்டு டிகிரிக்கு நான்கு தட்டல் என்று எண்ணியே வைக்கலாம். தட்டலே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் கண் திரைக்குப் போயே தீரும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில கார்களில் ஒரே திருகு ஒரு நிலையில் ஒலியையும் மறு நிலையில் வெப்பத்தையும் மாற்றும். பாட்டைக் குறைக்கப் போய் ஹீட்டரைக் கூட்டிவிடுவீர்கள். கடைசியாக எந்த நிலையில் விட்டோம் என்பது நினைவில் இருக்காது, அதுதான் சிக்கல்.

இனி கண்ணை மூடிச் செய்யும் சோதனை. வண்டி நிற்க, மின்சாரம் மட்டும் ஓடட்டும். ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடி, கூட வந்தவரை வரிசை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்: காற்றைக் கூட்டு, முன்கண்ணாடி ஆவியை நீக்கு, சத்தத்தைக் குறை, வைப்பரை வேகமாக்கு, ஹசார்ட் போடு. மூன்று சுற்று. மூன்றாவது சுற்றிலும் கை தடுமாறும் வேலையைத் தாளில் வட்டமிடுங்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். இடம் மாறாத பட்டன் பழகும். மெனுவுக்கு மெனு இடம் மாறும் திரைப் பட்டன் பழகாது. விரலுக்கு அங்கே பிடிமானம் ஏதும் இல்லை.

பலரும் விட்டுவிடும் மூன்று சின்னச் சோதனைகள் இருக்கின்றன. காரைப் பூட்டிப் பதினைந்து நிமிடம் விட்டு, திறந்து, ஸ்டார்ட் செய்த கையோடு ரிவர்ஸ் போடுங்கள். பின்புறப் படம் இரண்டு விநாடிக்குள் வர வேண்டும். அமெரிக்க விதியின் வரம்பும் அதுதான். படம் வந்ததும் ரிவர்ஸிலேயே வைத்துக்கொண்டு காற்றைக் குறைக்கப் பாருங்கள். ஏசி திரைக்குள் இருந்தால், கேமரா திரையைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஏசி உங்கள் கையில் இல்லை. போனைத் திரையில் இணைத்த பிறகும் இதையே செய்து பாருங்கள். மூன்றாவது, விளக்கை அணைத்த இடத்திலோ இரவிலோ உட்காருவது. தொடு பட்டைகளுக்குப் பின்வெளிச்சமே வைக்காமல் விற்ற கார்கள் உண்டு. பகலில் மட்டும் பார்த்து வாங்கியவர்களுக்கு இரவில்தான் அது தெரிந்தது. கையோடு ஈர விரலாலும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மழையில் ஓடிவந்து ஏறும்போது விரல் ஈரமாகத்தான் இருக்கும். ஈர விரலைத் தொடுதிரை சில சமயம் கண்டுகொள்ளாது, சில சமயம் இரண்டு விரலாக எண்ணும்.

டெஸ்ட் டிரைவில் கட்டாயம் இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நெரிசலில்லாத நேர்ச் சாலையில் அவர் ஒரு வேலையைச் சொல்லட்டும். நீங்கள் செய்யும்போது, உங்கள் கண் சாலையை விட்டு எத்தனை முறை இறங்கியது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்பதை அவர் எண்ணட்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு பார்வைக்கு 2 விநாடி, ஒரு வேலை முழுவதற்கும் 12 விநாடி என்று எல்லை வைத்திருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்பது 44 மீட்டர். காற்றைக் கூட்டுவதற்கு இரண்டு பார்வைக்குமேல் ஆனால் அந்தக் காரை விட்டுவிடலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாத எதையும் ஓடும்போது தேட வேண்டாம். முதலில் நிறுத்திக் கண்டுபிடியுங்கள், பிறகு ஓட்டிச் சோதியுங்கள்.

அடிப்படை வேரியன்ட் எடுத்தால் போதுமா?

பாதிதான் சரி. பல மாடல்களில் கீழ் வேரியன்டில் மூன்று திருகுள்ள மேனுவல் ஏசி வரும். ஒன்று காற்றுக்கு, ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று காற்று போகும் திசைக்கு. இதைவிட நல்ல அமைப்பு இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம். அதே மாடலின் மேல் வேரியன்டில் 'ஆட்டோமேட்டிக் கிளைமேட்' என்ற பெயரில் அந்த மூன்று திருகும் போய்த் தொடு பட்டை வந்திருக்கும். எனவே ஷோரூமில் நிற்கும் உச்ச வேரியன்டில் சோதித்துவிட்டுக் கீழ் வேரியன்டை வாங்காதீர்கள். மாற்றிச் செய்வதும் தப்பு. நீங்கள் பணம் கட்டப்போகும் அதே வேரியன்டில் உட்கார வேண்டும்.

கீழே இறங்கும்போது கூடவே கழன்றுபோகும் பொருள்களைப் பாருங்கள். திரையோடு சேர்த்துப் பக்கவாட்டு ஏர்பேக்கையும் வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சியையும் எடுத்துவிட்டிருந்தால் அந்த எளிமை வேண்டாம். ஏபிஎஸ், ஈஎஸ்சி, ஏர்பேக், எல்லா இருக்கைக்கும் பெல்ட் நினைவூட்டல் ஆகிய நான்கிலும் பேரம் கிடையாது. இவை எதற்கும் திரை தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறவே திரையில்லாத புதுக் கார் கிடைப்பது பல இடங்களில் சட்டப்படியே கடினம். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின்புறக் கேமரா கட்டாயம். படம் எங்காவது தெரிந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் வேக எல்லை எச்சரிக்கை இருக்க வேண்டும். அணைத்தாலும் அடுத்த ஸ்டார்ட்டில் தானே உயிர்த்துக்கொள்ளும். இந்த எல்லைக்குள்ளும் சிலர் வழி கண்டிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் அறிமுகமான ஸ்லேட் என்ற மின்சாரப் பிக்கப்பில் நடுத்திரையும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியைக் கைப்பிடி சுற்றித்தான் இறக்க வேண்டும். டாசியா தன் சில கீழ் வேரியன்ட்களில் திரைக்குப் பதில் போனைச் செருக ஒரு தாங்கி வைத்தது.

போன் தாங்கி உள்ள காரை எடுத்தால் சில விஷயங்கள். முன்கண்ணாடி வழியே நேர்வெயில் படும் இடத்தில் போனை வைத்தால் சூடேறி வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சார்ஜ் ஏறுவதும் நிற்கும். ஏசி துவாரத்தில் மாட்டும் கிளிப் போனைக் குளிர்ச்சியாக வைக்கும், ஆனால் கனமான போன் துவாரத்தின் மெல்லிய இதழை உடைக்கும். அடியில் டேஷ்போர்டில் முட்டுக்கொடுக்கும் கால் உள்ள கிளிப்பாகப் பாருங்கள். ஏர்பேக் விரியும் பாதையில் எதையும் ஒட்டக் கூடாது. 'ஏர்பேக்' என்ற எழுத்து எங்கே பொறித்திருக்கிறதோ அந்த மூடியும் அதன் முன்னாலுள்ள வெளியும் காலியாக இருக்கட்டும்.

ஏற்கெனவே திரைக்காரா? ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

காரை நிழலில் நிறுத்தி, எலக்ட்ரிக் காராக இல்லாவிட்டால் என்ஜினை ஓடவிட்டுச் செய்யுங்கள். மின்சாரத்தை மட்டும் போட்டு ஒரு மணி நேரம் மெனுவில் அலைந்தால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடவே கூடாது.

முதலில் ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறியோ, வெறும் புள்ளியோ போட்ட பட்டன் இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் அதற்கு எந்த வேலையையும் ஒதுக்கலாம். பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை. உங்கள் தாளில் வட்டமிட்ட வேலைகளில் மிகவும் தொல்லை தருவதை அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் திரும்ப உயிர்க்கும் எச்சரிக்கைகளை அணைக்கும் மெனுவை அங்கே வைப்பது பலருக்கு உதவியிருக்கிறது. சில கார்களில் குறிப்பிட்ட பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே வேக எச்சரிக்கை ஒலி அடங்கும். ஓட்டுநர் கையேட்டில் 'வேக எல்லை' என்ற தலைப்பில் தேடுங்கள்.

அடுத்து முகப்புத் திரை. அதில் என்ன இருக்கிறது என்பதைவிட எத்தனை இருக்கிறது என்பது முக்கியம். வானிலை, பங்குச் சந்தை, அசையும் கார்ப் படம் எல்லாவற்றையும் நீக்கி மூன்றே கட்டம் விடுங்கள்: ஏசி, வரைபடம், பாட்டு. ஏசி கட்டம் ஓட்டுநர் பக்க ஓரத்தில் இருக்கட்டும். திரையின் சட்டத்தைக் கை பிடித்துக்கொண்டால் கட்டைவிரல் தானாக அங்கே போகும். குலுங்கும் சாலையில் தொடுதிரையைச் சரியாகத் தொட இந்தப் பிடிமானம்தான் ஒரே வழி. அசைவுகள், கட்டம் மாறும்போது வரும் நடனங்கள் எல்லாவற்றையும் அணையுங்கள்.

வெளிச்சத்தைத் தானியங்கியில் விட்டு, இரவு அளவை மட்டும் கையால் குறைத்து வையுங்கள். திரையை முழுதாகக் கறுப்பாக்கும் வசதி பல கார்களில் இருக்கிறது. அதை விரைவுப் பட்டியலுக்கு இழுத்து வையுங்கள். இரவில் ஊருக்கு வெளியே ஓட்டும்போது கறுத்த திரை கொடுக்கும் நிம்மதி அலாதி, இருட்டில் முன்னாலுள்ள சாலையும் நன்றாகத் தெரியும்.

எச்சரிக்கை ஒலிகளை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். முன்மோதல் எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் இருக்கட்டும். தடம் மாறினால் ஸ்டீயரிங்கை இழுப்பது தொல்லையாக இருந்தால், இழுப்பை அணைத்து அதிர்வை மட்டும் வைக்கலாமா என்று பாருங்கள். ஒலி அளவு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று இருந்தால் குறைவு போதும். சம்பந்தமில்லாத சத்தம் பத்து வந்தால் உண்மையான பதினோராவதையும் காது ஒதுக்கிவிடும். எச்சரிக்கைகளைக் குறைப்பதற்கான காரணம் அதுதான்.

சாஃப்ட்வேர் புதுப்பித்தல் தானாக நடக்காமல், உங்களைக் கேட்டு நடக்கும்படி மாற்றுங்கள். ஒரு புதுப்பித்தலில் பட்டன்கள் இடம் மாறிவிடுவது சர்வசாதாரணம். செய்வதற்கு முன் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். பிறகு எதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று ஒப்பிட இதைவிடச் சுலபமான வழியில்லை. நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு எந்தப் புதுப்பித்தலும் வேண்டாம்.

பழைய காரின் ஸ்டீரியோவை மாற்றுவது

நிலையான அளவுத் துளை உள்ள காராக இருந்தால் திரையைக் கழற்றிவிட்டுத் திருகுள்ள எளிய ஸ்டீரியோ போடலாம். இந்த அளவுக்கு 'டின்' என்று பெயர். ஒற்றை டின் என்பது அகலம் சுமார் 180 மி.மீ., உயரம் 50 மி.மீ.; இரட்டை டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். டேஷ்போர்டின் வடிவத்துக்கே வார்த்த திரையென்றால் பொருத்தச் சட்டம் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கை வைக்க வேண்டாம்.

கழற்றும் முன், அந்தத் திரை வேறு என்னென்ன வேலை பார்க்கிறது என்று எழுதுங்கள். பார்க்கிங் சென்சாரின் ஒலி ஸ்டீரியோ ஸ்பீக்கர் வழியே வருகிறதா? பின்புறக் கேமரா, கடிகாரம், கதவுப் பூட்டு அமைப்பு, சர்வீஸ் நினைவூட்டலை மீட்டமைப்பது எல்லாம் அதற்குள் இருக்கின்றனவா? ஏசி முழுக்கத் திரைக்குள் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கழற்றிய மறுநிமிடம் ஏசியும் போய்விடும்.

கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களில் வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த். காரின் பக்கத்து வயர் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிய கார்கள் உண்டு. அப்படி மாட்டினால் சாவியை எடுத்ததும் ரேடியோ நிலையங்களும் நேரமும் மறந்துபோகும். புதிய கார்கள் பலவற்றில் சாவி வயரே கிடையாது. 'சாவி போட்டாயிற்று' என்ற செய்தி, காரின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயர்த் தொடர்பு வழியே வரும். அங்கே கேன் பஸ் அடாப்டர் தேவை. அது இல்லாமல் சிவப்பையும் மஞ்சளோடு முறுக்கிவிடுவது எலக்ட்ரீஷியன்கள் சிலரின் குறுக்கு வழி. ஸ்டீரியோ தூங்கவே தூங்காது, நான்காம் நாள் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அதனால் வேலை முடிந்ததும் கசிவு மின்னோட்டத்தை, அதாவது எல்லாம் அணைந்த பிறகும் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை, அளக்காமல் பெட்டியை மூடாதீர்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

1. எல்லா விளக்கையும் அணைத்து, சாவியைக் காரைவிட்டுச் சில மீட்டர் தள்ளி வையுங்கள். பானெட் திறந்திருக்கட்டும், அதன் பூட்டையும் ஓட்டுநர் கதவின் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியதுபோல் ஏமாற்றுங்கள். பிறகு திறக்க மறக்காதீர்கள்.
2. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மில்லி ஆம்பியர் துளையில் விட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.
3. பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். இந்த நிலையில் இக்னிஷன் போடக் கூடாது, ஸ்டார்ட் செய்யவே கூடாது.
4. முதலில் சில ஆம்பியர் காட்டும். பதற வேண்டாம். உள்ளிருக்கும் கன்ட்ரோல் யூனிட்கள் தூங்க 20 முதல் 40 நிமிடம் ஆகும்.
5. இறுதியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே நின்றால் சரி. கூடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சரிகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு.

300 மில்லி ஆம்பியர் கசிந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி 150 மணி நேரத்தில் முழுக்கக் காலியாகும், அதாவது ஆறு நாளில். பாதி இறங்கும்போதே ஸ்டார்ட்டர் திணறத் தொடங்கிவிடும்.

திரைக்கும் வயதாகும்

பத்து, பதினைந்து ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிறவர் என்றால் திரையின் ஆயுளையும் கேளுங்கள். டெஸ்லா 2021-இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக் கணினியின் 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்துபோய், பின்புறக் கேமராவும் கண்ணாடி ஆவி நீக்கும் கட்டுப்பாடும் சேர்ந்து போயின. ஒரு சில்லு போனதற்கு முன்கண்ணாடி தெரியாமல் போவதா என்று கேட்கத் தோன்றும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் அப்படித்தான். ஆகவே வாங்கும்போது சர்வீஸ் பிரிவில் மூன்று கேள்விகள்: திரை இறந்துபோனால் கார் ஓடுமா, ஏசியும் ஆவி நீக்கமும் வேலை செய்யுமா? திரையை மட்டும் தனியே மாற்ற முடியுமா, மொத்தத் தொகுப்பையும் மாற்ற வேண்டுமா? மாற்றினால் காரோடு மறுபடி இணைக்கக் கம்பெனியின் கணினி தேவையா?

சந்தா பற்றியும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதை நிறுத்தினால் எது நிற்கும் என்பதே கேள்வி. பிஎம்டபிள்யூ 2022-இல் சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கே மாதச் சந்தா வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2023-இல் அதைக் கைவிட்டது. இணைய வசதியும் நிரந்தரமில்லை. அமெரிக்காவில் 2022-இல் 3ஜி நெட்வொர்க் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த கார்களின் அவசர அழைப்பும் ரிமோட் வசதியும் செயலிழந்தன, கார்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே.

திரைக்காரின் இன்னொரு சுமை, அது சேர்க்கும் தகவல். மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கையைப் படித்துப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. டெலிவரி நாளில் அவசரத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று விற்பனையாளரே தட்டிவிடுவார். அதை உங்கள் கைக்கு வாங்குங்கள். வரைபடத்துக்கும் அவசர அழைப்புக்கும் தேவையானதை மட்டும் அனுமதித்து, ஓட்டும் பழக்கம், விளம்பரம், 'கூட்டாளி நிறுவனங்கள்' என்று வரும் எல்லாவற்றையும் மறுக்கலாம். போனை ப்ளூடூத்தில் இணைக்கும்போது தொடர்புகளையும் குறுஞ்செய்திகளையும் பகிர வேண்டாம் என்று சொன்னாலும் அழைப்பு வேலை செய்யும்.

பழைய காராக வாங்கினால் சாவி கைமாறும் இடத்திலேயே ஒன்றைச் செய்யுங்கள். திரையில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தால் காருக்குள் இருப்பது மட்டுமே அழியும். விற்றவரின் போனிலுள்ள செயலிக்கும் காருக்கும் உள்ள கணக்குத் தொடர்பு பல கார்களில் அப்படியே இருக்கும். அந்தத் தொடர்பு இருக்கும்வரை கார் எங்கே நிற்கிறது என்று அவரால் பார்க்க முடியும், சில கார்களைத் திறக்கவும் முடியும். அவர் தன் செயலியைத் திறந்து, உங்கள் கண்முன்னே காரை அதிலிருந்து நீக்கட்டும். பிறகு அதே செயலியில் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.